கூனிச் சம்பலும் நான் சொல்லாத ஒரு சொல்லும்

மகள்,

நீ இப்போது ஏணையில் தூங்கிக்கொண்டிருக்கிறாய். உனக்கு ஐந்து மாதம். எனக்குப் பத்தொன்பது வயது முடியப்போகிறது. இந்தக் கடிதம் உனக்குத்தான், ஆனால் இப்போதைய உனக்கு அல்ல. என் வயதுக்கு நீ வந்து நிற்கும்போது வாசிக்க. அதுவரை அலுமாரியில் உன் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருப்பேன். என்னுடைய பத்தாம் ஆண்டு இங்கிலீசுக் கொப்பியில்தான் எழுதுகிறேன். அதில் பாதி வெறுமையாகக் கிடக்கிறது. ஏன் பாதியில் நின்றது என்பதையும் சொல்கிறேன். பெரிய மனுஷிபோல உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இன்னும் வயது வரவில்லை. பயத்தில் எழுதுகிறேன். வாயால் சொல்ல முடியாததைக் கையால் எழுதினாலாவது நெஞ்சுப் படபடப்பு குறைகிறதா என்று பார்க்கிறேன்.

பயம் இதுதான். நாளைக் காலை உன் மாமி, அதாவது உன் வாப்பாவின் கூடப்பிறந்த ராத்தா, மக்காவுக்கு உம்றாச் செய்யப் புறப்படுகிறார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். கற்பிட்டியில், கடலோரக் களப்புக் கரையில் உள்ள இந்த வீட்டின் முன்பக்கத்து மூன்று அறைகளை வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டு நடத்துவது அவர்தான். உன் வாப்பா டொல்பின் காட்ட ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டு விடிய முன்னமே கடலுக்குப் போய்விடுவார். நான் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருப்பேன். வருகிறவர்களோடு கதைப்பது முழுக்க மதினி. இனிப் பதினைந்து நாளைக்கு அவர் இல்லை. நாளை மறுநாள் மதியம் ஆறு பேர் வருகிறார்கள். சஹன் சாப்பாடு கேட்டிருக்கிறார்கள். ஒரே பெரிய தட்டில் சோற்றையும் கறியையும் வைத்து, ஆறு பேரும் சுற்றியிருந்து கையால் சாப்பிடும் நம்முடைய சாப்பாடு அவர்களுக்கு ஒரு அதிசயம். சாப்பாடு வைப்பதற்கு முன் நான் அவர்களுக்கு முன்னால் போய் நின்று, உங்களில் யாருக்கும் ஒத்துக்கொள்ளாத சாப்பாடு ஏதும் உண்டா என்று இங்கிலீசில் கேட்க வேண்டும். ஒரேயொரு கேள்வி. அதற்குத்தான் இவ்வளவு பயம். ஏனென்றால் போன வருடம் இதே வீட்டில் நான் வாய் திறக்காததால் ஒரு பெண் சாகப் பார்த்தாள். அது என்னால் நடந்தது என்று இங்கே யாருக்கும் தெரியாது.

முதலில் கொப்பியின் கதை. நான் வளர்ந்தது புத்தளம் தில்லையடியில். பள்ளிக்கூடத்தில் இங்கிலீசுதான் எனக்குப் பிடித்த பாடம் என்றால் நீ நம்பமாட்டாய். எழுதச் சொன்னால் எழுதுவேன். வாசித்தால் விளங்கும். யாராவது என்னைப் பார்த்துக் கேட்டால்தான் வாய் திறக்காது. பத்தாம் ஆண்டில் ஒருநாள் டீச்சர், காலைக் கூட்டத்தில் நீதான் இங்கிலீசில் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒரு கிழமையாகக் குளியலறைச் சுவருக்குப் பேசிக் காட்டினேன். சுவருக்கு முன்னால் ஒரு பிழையும் வரவில்லை. அந்தக் காலையில் மைக்குக்கு முன்னால் போய் நின்று "குட் மோர்னிங்" என்றேன். "மை நேம் இஸ்" என்றேன். அதோடு நின்றுவிட்டது. என் பெயர் வரவில்லை, மகள். உம்மா வைத்த, நாளுக்கு நூறு தரம் என்னைக் கூப்பிடுகிற பெயர். திரும்பவும் "மை நேம் இஸ்" என்றேன். முன்வரிசையில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "என்ன புள்ள, பேரே மறந்து பெய்த்தா?" என்று கேட்டது மைக்கில் விழுந்து மைதானம் முழுக்கக் கேட்டது. சிரிப்பு எழும்பியது. பள்ளிக்கூட அதிபர்கூட வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து என் பெயர் "மைநேம்". "மைநேம், கோடு போட அடிமட்டத்தைத் தா." "மைநேம், பஸ் வருது ஓடு." வீட்டில் என்னைவிட மூத்த நாநாவும் கேள்விப்பட்டு, "மைநேம், தேத்தண்ணி ஒண்டு ஊத்து" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுவேன். மூன்று மாதத்தில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அப்போது என் உம்மாவுக்குச் சீனி வருத்தத்தால் காலில் புண். "நீ போ மகள், எனக்கு ஏலும்" என்று அவர் எத்தனையோ தரம் சொன்னார். நான் கேட்கவில்லை. புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். உம்மாவுக்காகப் படிப்பை விட்ட பிள்ளை என்று ஊர் என்னைப் புகழ்ந்தது. கல்யாணம் பேச வந்த இடத்திலும் அதைச் சொல்லித்தான் பேசினார்கள். உம்மாவுக்காக விடவில்லை, மகள். ஒரு மைக்குக்குப் பயந்து விட்டேன். என் உம்மாவின் புண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இதை எழுதும்போது முகம் சுடுகிறது. நான் தொடர்ந்து போயிருந்தால் அந்தப் பட்டப்பெயர் ஒரு வருடத்தில் தேய்ந்திருக்கும். வேறு யாராவது வேறு எதற்காவது அகப்பட்டிருப்பார்கள். நான்தான் அதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, கல்யாணப் பெட்டியிலும் வைத்துக் கற்பிட்டிக்குத் தூக்கிவந்தேன்.

இங்கே வந்து மதினியின் இங்கிலீசைக் கேட்டபோது எனக்கு வந்தது ஆச்சரியம் அல்ல, வெட்கம். அவர் எட்டாம் ஆண்டோடு நின்றவர். "யூ கம், யூ சிட். டுடே ஃபிஷ் நோ. சீ பிக், போட் நோ கோ. டுமாரோ ஃபிஷ், பிக் ஃபிஷ்!" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், மதினி அவர்களைவிடப் பலமாகச் சிரிப்பார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அவருடைய பிழைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். உன் வாப்பாவும் அப்படித்தான். "டொல்பினுக்கும் இங்கிலீசு தெரியாது. எல்லாரும் அதப் பாக்கத்தானே வாராங்க" என்பார். பிழை என்னவென்று தெரியாத இரண்டு பேர் நாள் முழுக்கப் பேசினார்கள். பிழை தெரிந்த நான் ஊமையாக நின்றேன். அந்த வீட்டில் இங்கிலீசு அதிகம் தெரிந்தவள் நான்தான் என்று மனதுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையும் பயத்தின் பிள்ளைதான் என்று பிறகுதான் தெரிந்தது.

இனி அந்த மதியம். கல்யாணமாகி இரண்டாம் மாதம். காற்றுக் காலம். வெள்ளைக்காரர்கள் இடுப்பில் பெரிய பட்டங்களைக் கட்டிக்கொண்டு களப்புத் தண்ணீரில் சறுக்கி விளையாடிவிட்டு, வெயிலில் சிவந்து, பசியோடு வந்து சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நாலு பேர். அதில் ஒருத்திக்கு என் வயதிருக்கும், கூடினால் இரண்டு வயது மூப்பு. காதோரம் முடி உப்பில் ஒட்டிக்கிடந்தது. மதினி பின்பக்கம் கிணற்றடியில் நின்றார். நான் சஹனில் கடைசியாகச் சம்பலை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அது கூனிச் சம்பல். கூனி என்றால் மணல்போலச் சின்ன இறால், உனக்குத் தெரியும். வறுத்து இடித்துத் தேங்காய்ப்பூவோடு சேர்த்தால் கண்ணுக்கு இறால் என்றே தெரியாது. அவள் அந்தச் சம்பலை விரலால் காட்டி, என் முகத்தைப் பார்த்து, இதில் இறால் இருக்கிறதா என்று இங்கிலீசில் கேட்டாள். மெதுவாக, தெளிவாக, சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டாள். எனக்கு முழுக்க விளங்கியது, மகள். ஒரு சொல்கூடத் தவறவில்லை.

"யெஸ்" என்றால் போதும். உனக்கு ஐந்து மாதத்தில் வருகிற சத்தத்தைவிடச் சின்னச் சொல். ஆனால் என் மூளை வசனம் கட்டத் தொடங்கியது. கூனியை வறுத்து இடித்துப் போட்டிருக்கிறோம் என்று முழுசாக, பிழையில்லாமல் சொல்ல வேண்டும். வறுத்ததை எப்படிச் சொல்வது, இடித்ததை எப்படிச் சொல்வது, நாலு பேரும் என்னைப் பார்க்கிறார்களே, சிரிப்பார்களோ. அந்த மைதானம் அப்படியே எழும்பி வந்து முன்னால் நின்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையைக் குனிந்து சிரித்தேன். சிரித்துவிட்டு, விருந்தாளி ஒரு கறியைக் கைகாட்டினால் நம் வீடுகளில் எல்லோரும் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். அந்தச் சம்பலை அள்ளி அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். சஹனில் நல்லதை விருந்தாளியின் பக்கம் தள்ளுவதுதானே நமக்கு மரியாதை. வந்தவரிடம் இதைச் சாப்பிடாதே என்று சொல்வதை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அவள் என் சிரிப்பை நம்பினாள். "தாங்க் யூ" என்றாள்.

மூன்று வாய் சாப்பிட்டிருப்பாள். உதடு தடித்தது. கண் இரண்டும் வீங்கியது. மூச்சு விசிலடிக்கிற மாதிரி வந்தது. "ரூம்! ரெட் பேக்!" என்று கத்தினாள். அதுவும் எனக்கு விளங்கியது, வாய்தான் வேலை செய்யவில்லை, கால் ஓடியது. சிவப்புப் பையைக் கொண்டுவந்து கொடுத்தேன். கூட வந்தவன் அதற்குள்ளிருந்து ஒரு ஊசியை எடுத்து அவள் தொடையில் குத்தினான். மதினி ஓடிவந்து, "அல்லாஹ்வே, என்ன நடந்த?" என்று கத்திக்கொண்டே ஓட்டோவைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தபோது டொக்டர் வந்து, இறால் ஒத்துக்கொள்ளாத உடம்பு, கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று சிங்களத்தில் சொன்னார். மதினி என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் புள்ள உன்னட்ட ஒண்டும் கேக்கல்லயா?"

"இல்ல மதினி. கேக்கல்ல."

அடுத்தநாள் அவள் வீங்கின கண்ணோடு திரும்பி வந்தாள். மதினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "யூ டெல் மஸ்ட்! நோ டெல், வீ நோ நோ!" என்று அழுகிற குரலில் ஏசினார். அவள் மதினியைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மதினியிடம் திரும்பி, தான் கேட்க மறந்துவிட்டதாகச் சொன்னாள். "ஐ ஃபர்கொட். சொரி." எனக்காக அவள் பொய் சொன்னாள், மகள். என் முகத்தில் என்ன கண்டாளோ தெரியாது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்கிற அந்த ஒரு சொல்லை அவளே சொல்லிவிட்டுப் போனாள், நான் சொல்ல வேண்டியதை. வருகிறவர்கள் எழுதுகிற புத்தகத்தில் அவள் பெயர் இருக்கிறது. ஊர் எழுதிய இடத்தில் எழுத்து விளங்கவில்லை. ஒரு மன்னிப்பை எங்கே அனுப்புவது என்றுகூட எனக்குத் தெரியாது.

இவ்வளவையும் மதியம் எழுதினேன். இப்போது இரவு, இஷாவும் தொழுதாயிற்று. இடையில் ஒன்று நடந்துவிட்டது, அதையும் எழுதிவிடுகிறேன். உம்றாவுக்குப் போகிறவர்கள் போகுமுன் சொந்தக்காரர், அயலவர் எல்லோரிடமும் போய்ப் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்பார்கள் அல்லவா. இரண்டு நாளாக மதினி வீடு வீடாகப் போய் வந்தார். கடைசியாகக் குசினிக்கு வந்தார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் கையைப் பிடித்தார்.

"புள்ள, வந்த நாளையிலிருந்து உன்ன எவ்வளவோ ஏசி இரிக்கேன். மனசுல வெக்காம பொறுத்துக்க."

என்னை அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. மன்னிப்புக் கேட்க வேண்டியவள் இருக்க, கேட்கத் தேவையில்லாதவர் கேட்கிறார். என் பொய்யைச் சுமந்துகொண்டு அவர் மக்காவுக்குப் போகப் போகிறார். துருவுபலகையிலிருந்து எழும்பக்கூட இல்லை.

"மதினி, அந்தப் புள்ள கேட்ட."

"எந்தப் புள்ள?"

"கூனிச் சம்பல் திண்டு ஆஸ்பத்திரிக்குப் போன புள்ள. இதுல றால் இரிக்கான்னு என்னட்ட கேட்ட. எனக்கு விளங்கின."

மதினி என் கையை விட்டுவிட்டார். "நீ என்ன செஞ்ச?"

"சிரிச்சேன்."

"சிரிச்சியா?"

"சிரிச்சிட்டு, அவட பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வெச்சேன்."

பிறகு, "அது மவுத்தாப் போயிருந்தா?" என்றார். ஏசவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது. நான் அழுதேன். "அழாத. அழுறதும் சிரிக்கிறதும் ஒண்டுதான் உனக்கு, ரெண்டும் வாயத் தொறக்காம இரிக்கிறதுக்கு" என்றார். எழுந்து போய்விட்டார். பொறுத்துக்கொண்டேன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. உன் வாப்பா, "என்ன, ராத்தா மூஞ்சிய நீட்டிக்கிட்டு இரிக்கி?" என்று கேட்டார். அவரிடமும் சொன்னேன். ஒரு தரம் சொன்ன பிறகு இரண்டாம் தரம் கொஞ்சம் லேசாக வருகிறது, மகள். அதை மட்டும் குறித்துக்கொள்.

இது அடுத்தநாள் எழுதுவது. காலையில் வேன் வந்தது. எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். மதினி ஏறப்போனவர் இறங்கி வந்து உன் நெற்றியில் முத்தமிட்டார். என்னைப் பார்த்து, "அங்க போய் உனக்காக துஆவ நான் கேக்குறேன். இங்க கேள்விய நீ கேளு" என்றார். வேன் ஒரு மணித்தியாலத் தூரத்திலுள்ள மதுரங்குளியைத் தாண்டியிருக்கும், அதுவரைக்கும் நான் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகு நாள் முழுக்க உனக்கு முன்னால் இருந்து அந்தக் கேள்வியைப் பேசிப் பார்த்தேன். சுவர் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். சுவருக்கு முகம் இல்லை, அதனால்தான் அது என்னை ஏமாற்றியது. நீ என் வாயையே பார்த்தாய். ஒருதரம் கொட்டாவி விட்டாய். ஒருதரம் பல்லில்லாத வாயால் சிரித்தாய். நெஞ்சு திடுக்கிட்டது, உன் சிரிப்புக்கே திடுக்கிட்டது. பிறகும் பேசினேன். நீ சிரிக்கச் சிரிக்கப் பேசினேன். நீ வளர்ந்த பிறகு யாராவது சிரித்தால், உன் உம்மாவுக்கு முதலில் சிரித்துப் பழக்கியது நீதான் என்று நினைத்துக்கொள். வசனத்தைக் கட்டி முடித்துவிட்டுப் பேசலாம் என்று காத்திராதே. ஒரு சொல் கையில் இருந்தால் அந்த ஒரு சொல்லைக் கொடுத்துவிடு. விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சொல். எதைச் செய்தாலும் சிரித்து மட்டும் மழுப்பாதே. நம் பெண்பிள்ளைகளுக்கு அந்தச் சிரிப்பை அடக்கம் என்று சொல்லித் தருகிறார்கள். நான் அதைக் கொண்டு என்ன செய்தேன் என்று உனக்கு எழுதிவிட்டேன்.

இப்போது எழுதுவது மூன்றாம் நாள், ஆறு பேரும் வந்து சாப்பிட்டு முடித்த பிறகு. வந்தவுடன் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்கவில்லை. அவர்கள் பைகளோடு படலைக்குள் வந்ததும் எனக்கு அதே சிரிப்பு வந்துவிட்டது, தலை குனிந்துவிட்டது, அறைகளைக் கையால் காட்டிவிட்டுக் குசினிக்குள் ஓடிவிட்டேன். சமைத்தேன். நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பிரட்டல். கூனியை வீட்டுக்குள்ளேயே எடுக்கவில்லை. கூனி இல்லைதானே, இனிக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை என்று மனம் ஒரு வழி காட்டியது. பயத்துக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும், என் உம்மாவின் புண் கிடைத்தமாதிரி. சஹனைத் தூக்கிக்கொண்டு போய் நடுவில் வைத்தேன். ஆறு பேரும் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வயதானவர் முதல் பிடி சோற்றுக்குக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குச் சம்பலைக் காட்டிக் கேட்ட அந்தப் பெண்ணின் கை ஞாபகம் வந்தது.

"வெயிட்" என்றேன்.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நாள் முழுக்கப் பழகின வசனம் ஒன்றும் வரவில்லை. மதினியின் இங்கிலீசுதான் வந்தது. "யூ... எனி ஃபூட்... நோ குட்? ஈட், சிக்?" என்று வயிற்றையும் தொண்டையையும் தொட்டுக் காட்டினேன். ஓர் இளம் பையன் சிரித்தான். ஓம், சிரித்தான். எனக்குக் கேட்டது. நான் அங்கேயே நின்றேன். அந்த வயதானவர் சிரிக்கவில்லை. நீட்டின கையை மடக்கி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல மற்றக் கையை உயர்த்தினார். கஜு, அதாவது முந்திரிப் பருப்பு, ஒத்துக்கொள்ளாது என்றார். கொஞ்சமும் கூடாதாம்.

நெய்ச்சோற்றின் மேல் முழுக்கக் கஜு, நான் என் கையால் நெய்யில் பொரித்துத் தூவினது. நம் புத்தளத்துக் கஜு, விருந்தாளிக்கென்று ஒரு கைப்பிடி கூடப் போட்டது.

"டோன்ட் ஈட்!" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். விருந்தாளி முன்னால் வைத்த சஹனைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினேன். நம் வீடுகளில் யாரும் செய்யாத காரியம். புதுச் சட்டியில் வெள்ளைச் சோறு வடித்து, மீன் பொரித்து, பருப்புக் கறி வைத்துத் திரும்பக் கொண்டுபோக முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. அவ்வளவு நேரமும் ஆறு பேரும் வெறும் பாயைச் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள். அந்த இளம் பையன் எழுந்து வந்து தண்ணீர்ச் சாடியைத் தூக்கிக்கொண்டு போனான். அவர்கள் சாப்பிட்ட நேரம் முழுக்க நான் கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. அந்த மனுஷனின் உதட்டைப் பார்த்துக்கொண்டு அவருக்கு எதிரில் நின்றேன். உதடு தடிக்கவில்லை. மூச்சு சீராக வந்தது. என் மூச்சுத்தான் சீராக வரவில்லை.

பயம் போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுதமாட்டேன். பொய் போதும். இரவும் அவர்களுக்குச் சாப்பாடு வைக்க வேண்டும், நாளையும், மதினி வரும்வரை வருகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு நாளும். இப்போதும் எழுத்து நடுங்குவது உனக்குத் தெரியும்.

அந்த வயதானவர் கை கழுவிவிட்டு என்னிடம் வந்து நின்றார். நெஞ்சில் கையை வைத்து "தாங்க் யூ" என்றார். பிறகு, உன் பெயர் என்ன என்று கேட்டார். மைதானம் எழும்பி வந்தது. முன்வரிசை வந்தது, மைக் வந்தது. நீ உள்ளே ஏணையில் அழத் தொடங்கினாய்.

"மை நேம் இஸ்" என்றேன்.

அவர் காத்திருந்தார். நீயும் அழுகையை நிறுத்தினமாதிரி இருந்தது. என் பெயரைச் சொன்னேன்.

உன் உம்மா